உடன் பயில்வார் தரும் காற்கூறு

சென்ற பங்குனித் திங்களில், பருவப் பரீட்சைக்கு ஒரு கிழமையே எஞ்சியிருந்தபோது, விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையினின்றும் இரவு பத்து மணியளவில் ஏதோ உருண்டு விழும் ஓசை இடைவிடாது கேட்டது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினனாகிய யான் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை மூடிவைத்து எழுந்து சென்று நோக்கினேன். பௌதிக வகுப்பு நண்பர் நால்வர் கட்டிற்பலகை ஒன்றைப் புத்தகங்களின்மேற் சாய்த்து, கைவிளக்கின் மின்கலம் ஒன்றையும் நீர்க்குழாய்த் துண்டு ஒன்றையும் ஒருங்கே உருட்டிவிட்டுக் கொண்டிருந்தனர். ஒவ்வொரு முறையும் மின்கலமே முந்திற்று. மெக்கானிக்ஸ் என வழங்கும் இயந்திரவியற் பரீட்சைக்கு அவர்கள் ஆயத்தஞ் செய்யும் முறை அதுவாம்.

என்னைக் கண்டதும் அவருள் ஒருவர், "நீர் வந்தது நன்று. உமக்குப் பௌதிகம் தெரியாது, ஆதலின் இவர் சொல்வது உமக்கு விளங்கினால் எங்களுக்கும் விளங்கியதாகக் கொள்வோம்" என்று கூறி என்னைக் கட்டிலில் இருத்தினார். விளக்க முற்பட்டவர் வகுப்பில் முதன்மை பெறுபவர். சூத்திரங்களைத் தாளில் விரைந்து எழுதிச் சென்றார். திண்ணிய உருளை சாய்தளத்தில் வழுக்காது உருளுங்கால், அதன் முடுக்கம் உராய்வின்றி வழுக்கும் பொருளின் முடுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றும், உள்ளீடற்ற மெல்லிய குழாய்க்கு அது பாதியே என்றும் முடித்தார். யான் ஒன்றே வினவினேன்: "குழாய் மின்கலத்தினும் பன்மடங்கு கனமுடையதாயின் முந்தாதோ?" அவர் "முந்தாது" என்றார். "ஏன்?" என்றேன். அவர் வாய் திறவாது சிறிது நேரம் இருந்தார்.

விடை தாளிலேயே இருந்தது. நிறையைக் குறிக்கும் எழுத்து இருபுறத்தும் அடிபட்டுப் போயிருந்தது. ஆயினும் அதனை அடித்த கை எதனை அடித்தது என்று அவர் நெஞ்சம் அதுகாறும் வினவியதில்லை போலும். பின்பு மெல்ல மெல்ல, தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். கனம் மிகின் பூமி இழுக்கும் விசையும் மிகும். அப்பொருளை நகர்த்தவும் சுழற்றவும் உள்ள அருமையும் அவ்வளவே மிகும். ஆதலின் கனத்தால் வேற்றுமை இல்லை. அக்கனம் அச்சினின்றும் எத்துணை விலகி நிற்கின்றது என்பதே காரணம். குழாயில் அது முழுவதும் விளிம்பிற் கிடத்தலின், இறங்குதலாற் பெறும் ஆற்றலிற் பாதி சுழற்சிக்கே சென்றுவிடுகின்றது; மின்கலத்திலோ மூன்றில் ஒரு பங்கே செல்கின்றது. இதனைச் சொல்லி முடித்தபோது என்னினும் மிக மகிழ்ந்தவர் அவரே.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கே தந்துள்ளார். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு செவ்விதாகக் கேட்பினும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய பாதியும் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அதன் கருத்து. முதலாண்டில் யான் இதனை மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, எண்களும் பெற்றேன். அதன் பொருளைப் பௌதிக மாணாக்கரின் கட்டிலில் அமர்ந்தே கற்றேன் எனச் சொல்ல நாணமாகவே உள்ளது. சூத்திரத்தை எழுதிப் பொருளை விட்ட குற்றம் அவர்க்கு மட்டும் உரியதன்று.

இம்முறை நம் நாட்டினின்றும் கடல் கடந்தும் சென்றது. 1789 முதல் சென்னையில், படைவீரர்தம் ஆதரவற்ற சிறார்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கச் செய்தார். அதுபற்றி அவர் 1797இல் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். ஆங்கு அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் அளித்த பொருளால் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் காலேஜ் என வழங்குகின்றது. (நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் பிரம்பை யான் ஈண்டுப் புகழ வரவில்லை.)

அமெரிக்க நாட்டு ஹார்வார்டு சர்வகலாசாலையில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் என்பாரும் இதனையே வேறு வழியாற் கண்டார். அவர்தம் மாணாக்கர் கடுங்கணக்குகளைச் செய்தனர். பெருவண்டியும் சிறுவண்டியும் மோதுங்கால் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசை சமமோ என்னும் எளிய வினாவிலோ இடறினர். ஆகவே 1991 முதல், வகுப்பின் நடுவே ஒரு வினாவை இட்டு, ஒவ்வொருவரும் தனியே விடை குறித்தபின் அருகிருப்பாரோடு வாதித்து மீண்டும் குறிக்கச் செய்தார். இரண்டாம் முறை சரியான விடைகள் மிகுந்தன. நேற்றுத்தான் விளங்கிக்கொண்டவனுக்கு எவ்விடத்து இடறினோம் என்பது நினைவிருக்கும். முப்பதாண்டு கற்பித்தவர்க்கு அது மறந்துபோயிருக்கும் என்பது காரணம்.

நிற்க. நம் கலாசாலையில் இதற்கு மற்றொரு தேவையும் உண்டு. இங்கு வருவோருட் பலர் மேல்நிலைப் பள்ளிவரை தமிழிற் பயின்றவர். உந்தம், முடுக்கம், நிலைமம் என்று அறிந்தவற்றையே இங்கு வேறு பெயராற் கேட்டுத் திகைக்கின்றனர். ஐயத்தை ஆங்கிலத்திலேயே வினவுக என்று எவரும் விதித்திலர், கூச்சம் விதிக்கின்றது. அந்நால்வருள் ஒருவர் முந்திய பருவத்தில் இதே தாளிற் தவறியவர். வகுப்பில் அவர் வாய் திறந்து யாரும் கண்டதில்லை. அவ்விரவில் மிகுதியாக வினவியவர் அவரே. பரீட்சையிற் தேறினார், எத்தனை எண் என்று கேட்க வேண்டா.

இக்கூட்டத்தில் முதலில் ஐவர் இருந்தனர். ஒருவர், தாம் உழைத்துப் பெற்றதைப் பிறர்க்கு ஈந்தால் தம் வரிசை இறங்கும் என்று அஞ்சி விலகினார். அவர் அச்சத்தை யான் இகழேன். மேற்படிப்புக்கு இடம் எண்களாற் கிடைக்கும் காலம் இது. ஆனால் 'ஏன்' என்று கேட்பார் இல்லாத அறையிலன்றோ அவர் தம் தாளோடு தனித்திருக்கின்றார்! விடைகளைக் கைப்பேசியிற் படமெடுத்து நூறுபேர்க்கு அனுப்புவதையும் சிலர் உதவி என்கின்றனர். அனுப்பியவரும் கற்றிலர், பெற்றவரும் கற்றிலர். அதனை உதவி என்ன என் மனம் ஒப்பவில்லை.

கூடிப் பயில்வதிற் கேடே இல்லை என்று சொல்வேனல்லேன். ஊர்க்கதையிற் கழிந்த இரவுகளும் உண்டு. உருளும் பொருளின் ஆற்றலை உராய்வு விழுங்குகின்றது என்று ஓரிரவு என்னையும் சேர்த்து ஐவரும் துணிந்துவிட்டோம். மறுநாள் பேராசிரியரை அணுகியபோது, வழுக்காது உருளுங்கால் தளத்தைத் தொடும் புள்ளி அக்கணத்தில் அசையாது நிற்றலின் அவ்வுராய்வு வேலை எதுவும் செய்வதில்லை என்று நகைத்துத் திருத்தினார். முதற் காற்கூறு ஆசிரியர்க்கே உரியது என்பதை மறந்து கூடுவோர் கூடித் தவறுவர்.

விடுதி அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம். உணவுச்சாலையின் விளக்குகள் இரவு ஒன்பதரைக்கே அணைக்கப்படுகின்றன. அறையிற் கூடிப் பேசினால் உறங்குவார்க்கு இடையூறு என்று முறையீடு எழுகின்றது, அம்முறையீடும் நியாயமே. பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்களேனும் அச்சாலையைப் பதினொரு மணிவரை திறந்துவைத்து, சுவரில் ஒரு கரும்பலகையும் மாட்டித் தந்தால் போதும். சாய்ப்பதற்கு ஆங்கு நீண்ட மேசைகள் பல உள்ளன. குழாய்த் துண்டும் மின்கலமும் நண்பர்களிடம் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.