பேச்சாளரைத் தேடுமுன் கேள்வியைத் தேடுங்கள்

மருத்துவத்தின் ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவின் அகில இந்திய மாநாட்டு அழைப்பிதழைப் புரட்டிப் பாருங்கள். யார் பேசப்போகிறார்கள் என்பது படத்தோடும் பட்டங்களோடும் கொட்டை எழுத்தில் இருக்கும். என்ன பேசப்போகிறார்கள் என்று தேடினால், 'அண்மைக்கால முன்னேற்றங்கள்', 'ஒரு மீள்பார்வை', 'நிபுணர்களுடன் ஒரு மணி நேரம்' என எந்த ஆண்டுக்கும் பொருந்துகிற தலைப்புகள்தான் பல நேரம் கிடைக்கும். காரணம் எளிது. பேச்சாளரை முதலில் முடிவு செய்கிறார்கள், தலைப்பு அவருக்கு வசதியாகப் பின்னால் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் எவரும் ஓர் அமர்வை முன்மொழிந்து விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டும். அறிவியல் குழு முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டு அந்த விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். இது இங்கே யாரும் கேள்விப்படாத புதுமையும் அல்ல. அகில இந்திய கண் மருத்துவச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டின் பயிற்சி வகுப்புகளுக்கு உறுப்பினர்களிடம் விண்ணப்பம் வாங்கித்தான் தேர்ந்தெடுக்கிறது. மாநாட்டின் முக்கிய அரங்குகளுக்கும் அந்த வழக்கம் வர வேண்டும் என்பதே கோரிக்கை.

டாக்டர்கள் தங்களுக்குள் நடத்தும் மாநாட்டைப் பற்றி மற்றவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். பட்டம் வாங்கிய பிறகு ஒரு டாக்டர் முறையாகப் படிப்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. அந்த மணி நேரங்களில் எது பேசப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது கடைசியில் நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் விஷயம்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைப் பல்லாண்டுகளாக எடுத்துத் தருவது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி நுணுக்கமான கேள்வி எங்கிருந்து வரும்? மாநகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கடிபட்டவர் வந்து சேரும்போது பாதி நேரம் கடந்திருக்கும். முதல் மணி நேரத்தைப் பார்ப்பவர் வட்டார அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டர். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க அவரிடம் இருப்பது இருபது நிமிடச் சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். மருந்து தேவையில்லாதவருக்கும் அது ஏறிவிடும். 'கண்ணாடிக் குழாய் இல்லாத இரவில் என்ன செய்வது' என்று ஓர் அமர்வை முன்மொழியக் கூடியவர் அந்த இரவுப் பணி டாக்டர்தான். அழைப்பின் பேரில் மட்டுமே மேடை கிடைக்கும் என்றால் அந்தக் கேள்வி மேடைக்கு வராது, அவரைத்தான் யாருக்கும் தெரியாதே.

பெயர் எவ்வளவு எடை போடுகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு வந்த ஆய்வுச் சுருக்கங்களை ஆராய்ந்த கட்டுரை 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 2000, 2001 ஆண்டுகளில் ஆய்வாளரின் பெயரும் நிறுவனமும் தெரியும்படி மதிப்பிட்டார்கள். 2002 முதல் 2004 வரை மறைத்து மதிப்பிட்டார்கள். பெயர் தெரிந்தபோது அமெரிக்கர்களின் சுருக்கங்களில் 40.8 சதவீதமும் மற்ற நாட்டவருடையவற்றில் 22.6 சதவீதமும் ஏற்கப்பட்டன. மறைத்த பிறகு அது 33.4, 23.7 என்றானது. பெயர்பெற்ற நிறுவனங்களுக்குக் கிடைத்த சலுகையும் குறைந்தது. இடைவெளி முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், தரத்தில் உண்மையான வேறுபாடும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பகுதி தரத்தால் வந்ததல்ல, பெயரால் வந்தது. பரிமாறுகிறவர் தெரிந்தவராக இருந்தால் கடைசிப் பந்தியானாலும் பாதகமில்லை என்பது கல்யாண வீட்டோடு முடிந்துபோகும் நியாயம் இல்லை போலும்.

ஆய்வுச் சுருக்கமும் அமர்வு முன்மொழிவும் ஒன்றல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். அமர்வுகளைப் பற்றியே ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2011 முதல் 2013 வரை நடத்திய மாநாடுகளின் 460 அமர்வுகளை ஆராய்ந்தவர்கள், அமர்வை ஒருங்கிணைப்பவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால் பெண் பேச்சாளர்களின் விகிதம் 72 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். ஆண்கள் மட்டுமே பேசிய அமர்வுகளும் வெகுவாகக் குறைந்தன. யாரும் திட்டமிட்டு ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. பேச்சாளரை யோசிக்கும்போது அவரவர் நினைவுக்கு வருவது அவரவர் வட்டம். வட்டம் மாறினால் பட்டியலும் மாறுகிறது.

பட்டியல் மட்டுமல்ல, அறிவியலே மாறியதும் உண்டு. முடக்குவாதத்துக்கான மருந்துச் சோதனைகளில் எதை அளப்பது என்று முடிவு செய்யும் பன்னாட்டு மாநாட்டுத் தொடர் ஒன்று 'ஓமெராக்ட்' என்ற பெயரில் நடக்கிறது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த கூட்டத்துக்கு முதன்முறையாக நோயாளிகளையும் பங்கேற்பாளர்களாக அழைத்தார்கள். வீங்கிய மூட்டு எத்தனை, வலி எவ்வளவு என்றெல்லாம் டாக்டர்கள் எண்ணிக்கொண்டிருக்க, நோயாளிகள் தங்களை முடக்கும் களைப்பைப் பற்றிப் பேசினார்கள். வழக்கமான அளவுகோல்களில் அதற்கு இடமே இருக்கவில்லை. சில ஆண்டுகளில், முடக்குவாதச் சோதனைகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்று அதே அமைப்பு பரிந்துரைத்தது. அந்த மேசையைச் சுற்றி முன்பும் அறிவாளிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இல்லாமல் போனது அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள்.

நம் நாட்டில் இந்த விஷயம் 2024-க்குப் பிறகு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை, மருந்து நிறுவனங்களின் விற்பனை நடைமுறைகளுக்கான சீரான நெறிமுறையை வெளியிட்டது. மாநாட்டுக்குப் போகும் டாக்டருக்கு நிறுவனங்கள் பயணச் செலவோ ஓட்டல் செலவோ தரக் கூடாது என்கிறது அது. விதிவிலக்கு ஒன்று உண்டு. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சியில் அவர் பேச்சாளராக இருந்தால் தரலாம். விதிவிலக்கில் நியாயம் இருக்கிறது, பேச வருபவர் கைக்காசு போட்டு வர வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். முன்பு கௌரவமாக மட்டும் இருந்த பேச்சாளர் பட்டியல் இப்போது விமான டிக்கெட்டுக்கான தகுதிப் பட்டியலும் ஆகிவிட்டது. அதில் யாரைச் சேர்ப்பது என்பதை நாலு பேர் தொலைபேசியில் பேசி முடிக்கும் வழக்கத்தை இனியும் வைத்துக்கொள்வது அந்த நாலு பேருக்கே நல்லதல்ல.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததே. முதலாவது, தரம். கதவைத் திறந்துவிட்டால் குப்பையும் வரும், கூட்டம் பெரிய பெயரைப் பார்த்துத்தான் வருகிறது என்பார்கள். குப்பை வரும்தான். அதைச் சலிக்கத்தான் குழு இருக்கிறது. முதல் சுற்றில் கேள்வியை மட்டும் மதிப்பிடுங்கள். அமர்வு முடிந்து வெளியே போகிறவர் நாளைக் காலை எதை வேறு மாதிரி செய்வார் என்பதை விண்ணப்பம் இரண்டு வரியில் சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது சுற்றில் பெயரைத் திறந்து, பேசத் தெரிந்தவரா என்று விசாரியுங்கள். மேடையில் பேசுவது தனிக் கலை, அதை மறைத்துவைத்து மதிப்பிட முடியாது. பெரிய பெயரையும் விலக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் நாற்பது நிமிடம் படங்காட்டிப் பேசுவதால் மட்டும் சிகிச்சை மாறிவிடுகிறதா? கல்விக் கூட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2009-ஆம் ஆண்டு மதிப்பாய்வின்படி, விரும்பிய நடைமுறையைப் பின்பற்றுவதில் கூடிய முன்னேற்றத்தின் இடைநிலை அளவு வெறும் 6 சதவீதம். விரிவுரையோடு கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்த கூட்டங்கள் கூடுதல் பலன் தந்தன. கண்ணாடிக் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் மேசையில் அருகருகே வைத்துக் காட்டும் அமர்வுக்கு, பாம்புக்கடி மேலாண்மையில் அண்மைக்கால முன்னேற்றங்கள் என்ற விரிவுரை ஈடாகாது.

முன்மொழிகிறவர்கள் பக்கமும் குறை உண்டு. தலைப்பு ஒன்று, நான்கு நண்பர்களின் பெயர், நேரம் தொண்ணூறு நிமிடம் என்று எழுதி அனுப்பிவிட்டு, மறுக்கப்பட்டால் அரசியல் என்பது முறையல்ல. எந்த வகை நோயாளி, இப்போது எங்கே தவறு நடக்கிறது, நான்கு பேர் ஏன் தேவை, கேள்விகளுக்கு எத்தனை நிமிடம் என்பதைச் சொல்லாத விண்ணப்பத்தை எந்தக் குழுவும் திருப்பி அனுப்பலாம்.

இரண்டாவது எதிர்ப்புக்கு மதிப்புத் தர வேண்டும். குழுவில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல், புறநோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு இரவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமா? ஒரு விண்ணப்பத்துக்கு 300 சொல், ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஒரே விண்ணப்பம் என்று வரம்பு வைத்தால் சுமை தாங்கும் அளவுக்கு வந்துவிடும். முதல் ஆண்டிலேயே எல்லா அரங்கையும் திறக்கவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். ஏற்கப்பட்ட அமர்வை நடத்த வரும் அரசு டாக்டருக்குப் பணி விடுப்பும், மருந்து நிறுவனத்தின் தயவில்லாத பயணப்படியும் கிடைக்கச் சங்கம் வழி செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கதவு திறந்திருந்தும் வட்டார மருத்துவமனைக்காரர் உள்ளே வர முடியாது. மறுக்கப்பட்டவருக்கு இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். மாநாடு முடிந்ததும் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, அவற்றில் மருத்துவக் கல்லூரி இல்லாத ஊர்களிலிருந்து வந்தவை எத்தனை என்ற மூன்று எண்களைச் சங்கத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.