பறை ஒலிக்கலாம், பறை அடிப்பவர் பேசக் கூடாதா?

காற்று யாருக்குச் சொந்தம்?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதற்குச் சட்டப்படியே ஒரு பதில் உண்டு. 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வானலை பொதுச் சொத்து என்றது. அது சர்க்காரின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, பணம் படைத்தவரின் ஏகபோகமாகவும் ஆகக் கூடாது, பொது நன்மைக்கே பயன்பட வேண்டும் என்றது.

தீர்ப்பு வந்தது. சொத்து யார் கைக்குப் போயிற்று? ஏலம் போட்டார்கள். 2001 முதல் நகரத்துக்கு நகரம் தனியார் எஃப்.எம். நிலையங்கள் முளைத்தன. ஏலத்தில் கோடி கோடியாகக் கொட்டியவர்கள் அதைத் திருப்பி எடுக்க வேண்டாமா? விடிந்தால் சினிமாப் பாட்டு, அடைந்தால் நகைக்கடை விளம்பரம். மில் கேட்டில் நிற்கும் தொழிலாளிக்கும், வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே வேலைதான் மிச்சம்: வாயை மூடிக்கொண்டு கேட்பது.

மீதி கிடந்த துண்டு நிலம்தான் சமுதாய வானொலி. அதையும் எப்படிக் கொடுத்தார்கள்? 2002 டிசம்பரில் கல்வி நிலையங்களுக்கு மட்டும் அனுமதி. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் உண்டு என்று சொல்ல 2006 நவம்பர் ஆயிற்று. சாதாரணமாக 100 வாட் சக்திதான். கம்பம் 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஐந்து, பத்து கிலோமீட்டர் தூரம் கேட்கும். அவ்வளவுதான்.

கையகல நிலம்தான். ஆனாலும் நிலம் நிலம்தானே! அதில் யார் உழுகிறார்கள், யார் அறுக்கிறார்கள் என்று பார்ப்பது நமது கடமை.

ஐந்து நிமிஷம் மேளம், மற்றதெல்லாம் உபந்நியாசம்

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாராக வேண்டும், உள்ளூர்ப் பேச்சு வழக்குக்கு முதலிடம் வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர் பேச்சிலேயே மீனவருடன் பேசுகிறது. இப்படிப்பட்ட முயற்சிகளை நாம் மனதார வரவேற்கிறோம். இந்த விதியின் காரணமாகவே பல நிலையங்கள் பறைக் கலைஞரையும் கூத்துக் கலைஞரையும் தேடிப் போகின்றன. அதுவும் நல்லதே.

ஆனால், அழைத்து வந்து என்ன செய்கிறார்கள்?

நாம் கேட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். நிலையத்தின் பெயர் வேண்டாம். நமக்கு அதனிடம் பகை இல்லை. நாட்டார் கலைக் கண்காட்சி ஒன்றை அமைத்த நகரத்துப் பெரியவர் ஒருவர். பக்கத்தில் ஒரு பறைக் கலைஞர். பெரியவர் பேசினார், பேசினார், பேசிக் கொண்டே இருந்தார். பறையின் தொன்மை, தமிழர் பெருமை, தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாக எண்ணியது எல்லாம் சொன்னார். அத்தனையும் உண்மை. கலைஞரிடம் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. "எத்தனை வருஷமா அடிக்கிறீங்க?" "கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறீங்களா?" அவர் வாசித்தார். வாசித்து முடித்து, "எங்கப்பா காலத்துல இதுக்குக் கூலின்னு கேட்டா..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்! சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் நேயர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

முதலில் தொழில் கிடைத்திருக்கும். வேப்பமரப் பலகைகளை வளைவாகச் செதுக்கி வட்டமாகச் சேர்ப்பது, புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோலை இழுத்து ஒட்டுவது, அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவது, ஒரு கையில் அடிகுச்சியும் மறு கையில் சிண்டுகுச்சியும் பிடித்து இரண்டையும் இரண்டு விதமாகப் பேச வைப்பது: இவை கண்காட்சி அட்டையில் எழுதி மாட்டுகிற சங்கதிகள் அல்ல. நெருப்பின் சூடு எவ்வளவு என்பது கையை வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, சரித்திரம் கிடைத்திருக்கும். பெரியவர் சொல்லாமல் விட்ட சரித்திரம்! சாவு விழுந்தால் அடி, ஊர்க் கூட்டம் என்றால் அடி, திருவிழா என்றால் எட்டி நின்று அடி என்று ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்தது பறை. கூலி கேட்டால் ஏச்சு. "இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று எழுந்து நின்ற ஊர்களில் அடியும் உதையும் ஊர் விலக்கும் விழுந்தன. அப்படி நின்றவர்களின் பிள்ளைகள்தான் இன்று அதே பறையைத் தோளில் மாட்டி, "இது எங்கள் கலை, எங்கள் விருப்பப்படி, எங்கள் விலைக்கு அடிப்போம்" என்கிறார்கள். தோல் அதே தோல்தான். அடி அதே அடிதான். ஆனால் நேற்று அது அடிமை ஊழியம், இன்று அது கலை. மாற்றியது யார்? கண்காட்சி வைத்தவரா? இல்லை. மறுத்து நின்றவர்கள்!

2025இல் பறை இசைக்காக வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பதக்கம் ஓரிருவருக்கு. திருவிழாக் காலம் முடிந்தால் களை வெட்டவும், செங்கல் சுமக்கவும் போகிற மற்றவர்களின் பேச்சை யார் கேட்பது?

"கலையில் கூலியைக் கலக்காதீர்கள்!"

இப்படிச் சொன்னால் சில கனவான்களுக்கு முகம் சுளிக்கிறது. "கலை புனிதமானது. அதில் கூலி, சாதி, யூனியன் என்று கலக்காதீர்கள்" என்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: கண்காட்சி மண்டபத்துக்கு வாடகை இல்லையா? விளக்குக்காரருக்குப் பில் இல்லையா? அழைப்பிதழ் அச்சடித்தவர் புனிதத்துக்காகச் சும்மா அடித்துக் கொடுத்தாரா? அமைப்பாளருக்குச் சம்பளம் இல்லையா? இத்தனை பேரும் கூலி வாங்கும்போது கெடாத புனிதம், பறை அடித்தவர் கை நீட்டும்போது மட்டும் கெட்டுப் போகிறதா? 'உங்கள் கலைக்கு ஒரு மேடை கொடுத்தோம்' என்கிறார்கள். மேடையை வைத்து உலை கொதிக்குமா?

'சுத்தம்' என்ற பேச்சு வானொலிக்குப் புதிதும் அல்ல. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நமது சங்கீதத்துக்கு ஒவ்வாத அன்னிய வாத்தியமாம்! வெள்ளைக்காரன் போட்ட தடை, அவன் போன பிறகும் நீடித்தது; 1971இல்தான் தளர்ந்தது. முப்பத்தொரு வருஷம்! அந்தக் காலமெல்லாம் நமது கூத்திலும் நாடக மேடையிலும் ஆர்மோனியம் பாடிக் கொண்டேதான் இருந்தது. சாதாரண ஜனங்களின் காதுக்கு இனித்த வாத்தியம் கனவான்களின் காதுக்கு அசுத்தமாகப் பட்டது. எது சுத்தம், எது கலை, யார் எந்தக் கிரேடு என்று தீர்மானிக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே விஷயம். அன்று வாத்தியத்தைத் தடுத்தார்கள். இன்று வாத்தியத்தை அழைத்து, வாசிப்பவரின் வாயைத் தடுக்கிறார்கள். இது முன்னேற்றமா?

இரண்டு பூட்டுகள்

வானொலியின் வாயில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன.

முதல் பூட்டு, சட்டம் போட்டது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலி சொன்னதை அப்படியே, அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்துச் சொல்லலாம். மில்லின் சங்கு கேட்கும் தூரத்தில் நிலையம் இருக்கும். மில்லில் கதவடைப்பு என்றால் அது சொல்ல முடியாது! அரசியல் கட்சிகள் மட்டுமல்ல, அவற்றோடு இணைந்த தொழிற்சங்கம், மாணவர் சங்கம், பெண்கள் சங்கம் எதுவும் நிலையம் கேட்டு மனுப் போடவே முடியாது. லாப நோக்கமுள்ள அமைப்புக்கும் இல்லை என்று விதி சொல்கிறது. ஆனால் முதலாளி நடத்தும் டிரஸ்டுக்கும் கல்லூரிக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. உழைப்பவரின் சங்கம் பேசினால் அரசியல். முதலாளியின் டிரஸ்ட் பேசினால் சமூக சேவை. எப்படி இருக்கிறது நியாயம்?

இரண்டாவது பூட்டு, பயம் போட்டது. இது முதல் பூட்டைவிட மோசமானது. செய்தி கூடாது என்பது விதி. ஆனால் ஒரு கலைஞர் தன் தொழிலைப் பற்றிப் பேசுவது செய்தியா? தன் தகப்பனார் பட்ட பாட்டைச் சொல்வது செய்தியா? ஒரு ராத்திரிக் கூத்துக்குப் பேசிய தொகை எவ்வளவு, தரகர் பிடித்துக் கொண்டது எவ்வளவு, கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குச் சொல்வது செய்தியா? அது அவருடைய வாழ்க்கை. அதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை. ஆனாலும் வெட்டுகிறார்கள். லைசென்ஸ் போய்விடுமோ, உதவித் தொகை நின்றுவிடுமோ, ஊர்ப் பெரிய மனிதர் கோபிப்பாரோ என்று வெட்டுகிறார்கள். அங்கே வேலை செய்யும் இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் குறைந்த சம்பளக்காரர்களே. அவர்களுக்கு நாம் சொல்வது: பயத்துக்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்!

முடியாது என்பவர்களுக்கு

"வானொலி நடத்துவது படித்தவர் வேலை, கூலிக்காரர்களால் ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் தெலங்கானாவில் இன்றைய சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ள மச்னூர் கிராமத்துக்குப் போகச் சொல்கிறோம். அங்கே 1998லேயே ஒலிப்பதிவு நிலையம் தயார். லைசென்ஸ் இல்லை. நிலத்தில் பாடுபடும் தலித் பெண்கள் காஸெட்டில் பதிவு செய்து, தங்கள் சங்கங்களில் போட்டுக் கேட்டார்கள். பத்து வருஷம் காத்திருந்து, 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. விதையைப் பற்றி, சிறுதானியத்தைப் பற்றி, தங்கள் பாட்டைப் பற்றி அவர்களே பேசினார்கள். அவர்களே பதிவு செய்தார்கள். விளக்கம் சொல்ல நகரத்திலிருந்து பெரியவர் வரவில்லை.

கடல் கடந்தும் பாருங்கள். தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் பிற்பகுதியிலிருந்தே, தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு, சொந்த வானொலி நிலையங்களை நிறுவினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள்! சங்கக் கூட்டமும் அதில் கேட்டது. சுரங்க ஊரின் பாட்டும் கேட்டது. இரண்டையும் அவர்கள் பிரிக்கவில்லை. 1967 ஜூனில் ராணுவம் சுரங்க முகாமில் புகுந்து சுட்டது, வானொலியையும் பிடித்தது. 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அந்த நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, பிடிபடும் வரை உண்மையைச் சொல்லிக் கொண்டிருந்தன. 1985க்குப் பிறகு சுரங்கங்களை மூடி ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். கூலி நின்றதும் பல நிலையங்களின் குரலும் நின்றது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு: உழைப்பாளியின் வாழ்வும் அவன் குரலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

நாம் கேட்பது என்ன?

சமுதாய வானொலிக்குச் சொந்தச் செய்தி சொல்லும் உரிமை வேண்டும். தொழிற்சங்கங்களுக்குப் போட்ட தடை நீங்க வேண்டும். இவை மத்திய சர்க்காரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள்.

நிலையங்களிடம் கேட்பது: கலைஞரை அழைத்தால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். வாசிக்கச் சொல்லும் நேரத்துக்குக் குறையாமல் பேசச் சொல்லுங்கள். கண்காட்சி அமைப்பாளரும் வரட்டும்; கலைஞர் கேள்வி கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும்! நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவது எப்படி என்று வாரம் ஒரு முறையாவது சொல்லுங்கள்.

2024இல் திருத்திய விதிகளின்படி, நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மிக நல்லது. அந்தப் பெண்களில் நாற்று நடுகிறவர் எத்தனை பேர்? ஸ்பின்னிங் மில்லில் நூல் பிணைக்கிறவர் எத்தனை பேர்? உங்கள் ஊரில் நிலையம் இருந்தால், நாலு பேர் சேர்ந்து போய் இதைக் கேளுங்கள்.

தோழர்களே! உங்கள் தெருவில் பறை அடிப்பவர் இருக்கிறார். உங்களோடு ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வேஷம் கட்டுகிறவர் இருக்கிறார். அவர்கள் நம் ஆட்கள். அவர்கள் வாசிப்பதை மட்டுமல்ல, அவர்கள் சொல்வதையும் ஊர் கேட்க வேண்டும். காற்று பொதுச் சொத்து என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. நமது பங்கை நாம் கேட்டு வாங்குவோம்!