கிளையும் கிளானும்

கிளை என்னுந் தமிழ்ச் சொல்லிலிருந்தே ஸ்கொத்லாந்து மக்களின் "கிளான்" என்னுஞ் சொல் பிறந்ததென்று சாதிப்பாரை நம்மிடையே அடிக்கடி காண்கின்றோம். கிளை என்பதற்குச் சுற்றம் என்பது பொருள், கிளான் என்பதும் சுற்றமே, ஒலியும் ஒத்திருக்கின்றது, இன்னும் யாது வேண்டுமென்பது அவர் வாதம். வேண்டியது சொல்லின் வரலாறு. கேலிக் மொழியிற் கிளான் என்பது பிள்ளைகள் எனப் பொருள்படும். பழைய ஐரிஷ் மொழி அச்சொல்லை இலத்தீனத்துப் "பிளாந்தா" என்பதிலிருந்து பெற்றது. பிளாந்தா என்றால் நாற்று, முளை. நம் முன்னோர் மகனைக் கான்முளை என்றதும் இக்கருத்துப் பற்றியே. கருத்து ஒத்தது, சொற்களுக்குள் உறவில்லை. தோட்டத்துரையைக் குறிக்கும் "பிளான்டர்" என்னும் ஆங்கிலச் சொல்லே அந்த இலத்தீன் வேரிற் கிளானுக்கு உடன்பிறந்தது. அத்துரைமாரிடம் பின்னர் வருவேன்.

ஒலியொப்புமை கண்டு சொற்களுக்கு உறவு கற்பித்தல் எத்துணைப் பிழையோ, பெயரொப்புமை கண்டு மனிதர்க்கு உறவு கற்பித்தலும் அத்துணைப் பிழை. கனடாவிலும் நியூசிலாந்திலும் இருந்து தம் ஸ்கொத்லாந்து முன்னோரைத் தேடிப் புறப்படுவோர் பலர் முதலில் இடறுமிடம் இதுவே. "என் பெயர் மக்டொனால்ட், ஆகவே மக்டொனால்ட் தலைவனின் குருதி என் உடம்பில் ஓடுகின்றது" என்று அவர் தொடங்குகின்றனர். மக் என்றால் மகன். (மக் என்பதை மகன் என்பதோடு இணைக்க இப்பொழுதே சிலர் பேனாவை எடுத்திருப்பர், வைத்துவிடுக. அதே சொல் வேல்ஸ் மொழியில் "மாப்" என நிற்கும்.) மக்கின்ரயர் என்றால் தச்சன் மகன். தச்சனில்லாத ஊர் எது? ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு தச்சனும் அவனுக்கொரு மகனும் இருந்திருப்பர். கம்பெல் என்பது கோணல் வாயனையும் கமரன் என்பது கோணல் மூக்கனையும் குறிக்கும் என்பர். தலைவர் குலங்கள் தாங்கிய பெயர்களின் பொருள் இது.

கிளான் குருதியால் மட்டுங் கூடியதன்று. நிலத்தாலும் காவலாலுங் கூடியது. ஒரு தலைவனின் நிலத்திற் குடியேறியவன் அவன் பெயரையுஞ் சூடிக்கொண்டான். லொவற் பகுதியிலே பிறேசர் என்னும் பெயரை ஏற்போருக்கு ஓட்ஸ் மா அளந்து கொடுக்கப்பட்டதாகவும், அவ்வாறு வந்தோரை "மா மூடைப் பிறேசர்" என்று மற்றையோர் நகைத்ததாகவும் ஒரு மரபுரை உண்டு. இதன் மறுபக்கம் மக்கிரெகர் கதை. 1603 இல் அரசாணை அப்பெயரையே தடைசெய்தது. இடையிற் சில காலம் நீங்கியுந் திரும்பியும் வந்த அத்தடை 1774 இலேதான் முற்றாக ஒழிந்தது. அக்குலத்தார் கம்பெல் என்றும் மறே என்றும் கிறான்ற் என்றும் வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தனர். புகழ்பெற்ற றொப் றோய் தானும் தாயின் குலப்பெயராகிய கம்பெல் என்பதைப் பூண்டவனே. ஆகவே பெயருடையாரெல்லாம் குருதியுடையாரல்லர்; குருதியுடையாரெல்லாம் பெயருடையாரும் அல்லர்.

இது தெரிந்தும் கடைக்காரர் சும்மா இருப்பதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரியதென ஒரு கட்டம்போட்ட டார்ட்டன் துணியும் ஓர் இலச்சினையும் எடுத்து நீட்டுவர். 1746 முதல் 1782 வரை மலைநாட்டு ஆடைக்கே சட்டத்தடை இருந்தது. நான்காம் ஜோர்ஜ் மன்னன் 1822 இல் எடின்பரோவுக்கு வந்தபோது வால்ரர் ஸ்கொற் நடத்திய கோலாகலத்தை ஒட்டியே குலத்துக்கொரு துணி என்னும் ஏற்பாடு ஊன்றியது. 1842 இல் பண்டைய ஏட்டின் பதிப்பென வெளிவந்த டார்ட்டன் நூல் ஒன்று பின்னர்ப் போலியென நிறுவப்பட்டது. அதிலுள்ள கோலங்களை மக்கள் இன்றும் மகிழ்ந்து உடுக்கின்றனர். உடுக்கட்டும். எனக்கு வருத்தந் தருவது வேறு. பாட்டனைத் தேடி வந்தவனுக்குத் தலைவனைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். அப்பாட்டன் ஏன் கடல் கடந்தான்? சதர்லாந்துக் கோமாட்டியின் ஸ்ராத்நேவர் நிலங்களிலிருந்து 1814 இலும் 1819 இலும் குடிகள் செம்மறியாட்டுக்காகத் துரத்தப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன. நிலப்பொறுப்பாளரான பற்றிக் செல்லர் 1816 இல் இன்வர்னஸ் மன்றில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். துரத்தப்பட்டவரின் கொள்ளுப்பேரன் துரத்தியவரின் இலச்சினையைத் தொப்பியிற் செருகிக்கொண்டு ஊர் திரும்புவதை என்னென்பது!

பாட்டன் இருக்குமிடம் பதிவேடு. எரல் என்னும் ஊர்க் கோயிற் பதிவு 1553 இல் தொடங்குகின்றது; மலைநாட்டுப் பதிவுகள் பல மிகப் பிந்தியவை. 1855 சனவரி முதலாந் திகதியிலிருந்து அரசாங்கமே பதிவு செய்தது. அப்பதிவை எவ்வளவு புகழ்ந்தாலுந் தகும். இறந்தவனின் தந்தை பெயரோடு தாயின் கன்னிக்காலப் பெயரும் அதில் உண்டு. இங்கிலாந்திலே மணப்பதிவில் தாயின் பெயர் இடம்பெற 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெயரிடும் வழக்கும் தேடுவோனுக்கு உதவும்: மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். பெயரன் பேரனான வழக்கை உடைய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது துரைமாரிடம் வருவோம். 1852 இல் இங்கு வந்து, 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் ஸ்கொத்லாந்தின் கின்கார்டின் பகுதியினர். அவர்போல் வந்தோர் பலர். எடின்பரோ, பல்மோரல், ஹொலிறூட், டன்சினேன் என மலையகத் தோட்டங்கள் தாங்கிய பெயர்கள் அதற்குச் சான்று. அத்தோட்டங்களின் லயக்காம்பிராக்களிலே துரைமாருக்குத் தமிழ்ப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களிற் பலருக்குப் பிறப்புப் பதிவில் தந்தை என்னும் இடம் வெறுமையாக நின்றது. துரை தாயகந் திரும்பினார். பிள்ளை கொழுந்துக் கூடையோடு நின்றது.

என் வழக்கு இதுதான். மா மூடைக்குப் பெயர் மாறியவனின் வழியினன் இன்று கிளான் சங்கத்தில் உறுப்பினனாக அமரலாம். எவரும் அவனிடம் குருதிச் சான்று கேளார். அவ்வாறாயின், குருதியால் வந்து பெயரால் வராத தோட்டத்துப் பேர்த்தியிடம் மட்டும் மணச்சான்றிதழ் கேட்பது எந்த நியாயம்? கிளான் பழைய நாளிற் சான்றிதழ் கேட்டுக் கூடிய கூட்டமன்று. உமிழ்நீர்ச் சோதனை மூன்று நான்கு தலைமுறைக்குட்பட்ட உறவைப் பெரும்பாலும் காட்டிவிடும் இக்காலத்தில், "யாரென அறியோம்" என்ற சாக்கும் நெடுநாள் நில்லாது. சொத்தைப் பங்கு கேட்டு அவள் போகவில்லை. பெயரைக் கேட்டுப் போகின்றாள்.

தேடப் புறப்படுவோர் குலத்தை விட்டுத் தோட்டத்திலிருந்து தொடங்குக. பேர்குசன் குடும்பத்தார் கொழும்பில் வெளியிட்டுவந்த இலங்கைக் கைநூலில் எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் எவர் துரையென்பது அச்சாகியுள்ளது. அவர்களுள் மூத்தவரும் ஸ்கொத்லாந்தினரே. இந்நாட்டுக் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து பென்றி லூயிஸ் 1913 இல் வெளியிட்ட நூலும் உண்டு. பாட்டி பிறந்த ஆண்டும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தாற் கைநூலில் ஒன்றிரண்டு பெயர்களே எஞ்சும். அத்துரை 1855 இற்குப் பின் ஸ்கொத்லாந்திற் பிறந்தவராயின் அவருடைய பிறப்புப் பதிவில் அவர் தாயின் பெயர், கன்னிக்காலப் பெயரோடு இருக்கும். லயத்திற் பிறந்த பிள்ளைக்கு அவள் அப்பாச்சி.