உறைந்த ஏரியில் அவசரம் வேண்டாம்

உறைந்த ஏரிகளின் மேல் கனரக லோரி ஓட்டுவோரைத் தொலைக்காட்சியில் பார்க்கும் மாணவர்கள், "என்ன துணிச்சல்!" என்று வியக்கிறார்கள். என்னை வியக்க வைப்பது அவர்களின் பொறுமைதான்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள வைரச் சுரங்கங்களுக்குச் செல்லும் குளிர்காலச் சாலை, 1982 முதல் ஆண்டுதோறும் புதிதாக அமைக்கப்படுகிறது. அதன் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல்தான் செல்கிறது. சுமை ஏற்றிய லோரிக்கு அங்கே வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்.

சறுக்கிவிடும் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. லோரியின் எடையால் பனிக்கட்டித் தளம் சற்றே கீழ்நோக்கி வளைகிறது. லோரி நகரும்போது அந்த வளைவும் கூடவே நகர்ந்து, அடியிலுள்ள நீரில் அலையை எழுப்புகிறது. லோரியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால், அலை பெருத்துப் பனிக்கட்டியை உடைத்துவிடலாம். ஆழம் குறைந்த கரையோரத்தில் அலையின் வேகமும் குறைவு. ஆகவே, கரையை நெருங்கும்போது லோரி இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும்.

இச்சாலை ஏறக்குறைய இரண்டு மாதங்களே திறந்திருக்கும். அதற்குள் சுரங்கங்களுக்கு ஓராண்டுக்கு வேண்டிய எரிபொருள் போய்ச் சேர வேண்டும். வேகத்தைக் கூட்டத் தோன்றுவது இயல்பே. ஆனால், 2006இல் போதிய குளிரின்றிப் பனிக்கட்டி தடிக்காததால் சாலை முன்கூட்டியே மூடப்பட்டது. மீதிச் சரக்கு கூடுதல் செலவில் விமானத்தில் சென்றது. அதுவே சரியான முடிவு. இழந்த பணத்தை ஈட்டிக்கொள்ளலாம். ஓட்டுநரின் உயிரை ஈட்ட முடியாது.

மாணவர்களே, விதியின் காரணத்தை அறிந்தவர் அதைச் சலிப்பின்றிக் கடைப்பிடிப்பார். அத்தகைய ஓட்டுநரையே நாம் பாராட்ட வேண்டும்.