உணர்கருவியை மாற்றுமுன் அளந்து பார்த்தல் வேண்டும்

புது டில்லி மந்திர் மார்க்கில் நகரின் காற்றை இடைவிடாது அளக்கும் நிலையம் ஒன்று, டில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் பொறுப்பில் இயங்கி வருகிறது. நுண்துகள், நைட்ரஜன் டையாக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓஸோன் முதலியவற்றின் அளவை அது பதிவு செய்கிறது. இத்தகைய நிலையங்களில் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுவது முறையன்று. அளவு தெரிந்த வாயுவைக் கருவியினுள் செலுத்தி, அது சரியாகக் காட்டுகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதே விஞ்ஞான முறை. அதே சாலையில் ஓடும் பழைய காரினுள்ளும் சிறு உணர்கருவிகள் பல உள்ளன. ஆனால், அவற்றைச் சோதித்துப் பார்ப்போர் மிகச் சிலரே.

காரின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதும் பொதுவாக நடப்பவை இரண்டு. ஒன்று, உரிமையாளர் அதைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறார். மற்றது, குறியீட்டைப் படித்த அக்கணமே அதில் பெயர் வந்த கருவி கழற்றி எறியப்பட்டுப் புதியது பொருத்தப்படுகிறது. முதலாவதால் பெட்ரோல் வீணாகிறது. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி கெடுகிறது. நச்சு வாயு மிகுகிறது. இரண்டாவதால் பணம் வீணாகிறது. பல வேளைகளில் விளக்கும் மீண்டும் எரிகிறது. இவ்விரண்டினும் மேலானதொரு வழி உண்டு. அது வீட்டிலேயே செய்யக்கூடியது என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

முதலில் இக்கருவிகள் செயற்படும் விதத்தை அறிதல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. வினையூக்கி மாற்றி செவ்வனே வேலை செய்வது இவ்விகிதத்தை ஒட்டியே. டில்லி முதலிய நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இம்மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. இவ்விகிதத்தைக் காக்க உதவுவது பிராணவாயு உணர்கருவி. 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இது பயன்படுத்தப்பட்டது. இதிலுள்ள ஸிர்கோனியா என்னும் பொருள் சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடானதும் மின்னழுத்தம் தரும். புகையில் பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். எஞ்சினின் உஷ்ணநிலையைக் கணிப்பொறிக்குத் தெரிவிப்பது மற்றொரு கருவி. உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அது பழுதாகி, எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாகக் கூறுமாயின், கணிப்பொறி தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும்.

குறியீடு என்பது குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பு அன்று. பி 0171 என்னும் குறியீட்டை நோக்குக. எரிபொருள் குறைவு, காற்று மிகுதி என்பது அதன் பொருள். இதைக் கண்டு பிராணவாயு உணர்கருவியை மாற்றுவோர் பலர். ஆனால், உறிஞ்சு குழாயில் வெடிப்பு ஏற்பட்டுக் காற்று உட்புகலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். காற்றளவுக் கருவியில் அழுக்குப் படிந்திருக்கலாம். அவ்வாறாயின் உணர்கருவி உண்மையையே உரைத்தது. உண்மை கூறிய சாட்சியைத் தண்டிப்பதால் வழக்குத் தீராது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள் எளியவை. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எஞ்சினை ஓட்டுமுன், குறியீட்டு வாசிப்புக் கருவியை இணைத்து இரு எண்களைப் பார்க்க வேண்டும்: எஞ்சின் நீரின் உஷ்ணநிலை, உள்வரும் காற்றின் உஷ்ணநிலை. இரண்டும் வெளிக்காற்றின் உஷ்ணத்தோடு சில டிகிரிக்குள் ஒத்திருத்தல் வேண்டும். டில்லியின் தை மாதக் குளிரில் ஒன்று 8 டிகிரியும் மற்றொன்று 40 டிகிரியும் காட்டுமாயின், பிழை எதில் என்பது விளங்கிவிடும். வாசிப்புக் கருவியை ஏற்காத பழைய கார்களில் மல்டிமீட்டரே போதும். பல கார்களில் நீர் உஷ்ணக் கருவியின் மின்தடை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் இருக்கும். அந்தந்தக் காரின் கைந்நூலில் கண்ட அளவே முடிவானது.

பிராணவாயு உணர்கருவியைச் சோதிக்க, எஞ்சின் நன்கு சூடான பின் நிமிஷத்திற்கு 2,500 சுற்று வேகத்தில் நிறுத்திக் கவனிக்க வேண்டும். மாற்றிக்கு முன்னுள்ள கருவியின் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டை மேலும் கீழுமாக விரைவில் கடந்துகொண்டிருந்தால் அது நலமுடன் உள்ளது. வேகமிதியைச் சட்டென அழுத்தினால் மின்னழுத்தம் ஏறவும், விட்டால் இறங்கவும் வேண்டும். அசையாது ஒரே எண்ணில் நிற்பதே ஐயத்துக்குரியது. அப்போதும் கம்பியையும் இணைப்பையும், கருவிக்கு முன்னே புகைக்குழாயில் கசிவு உண்டா என்பதையும் பார்த்த பின்னரே கருவியை மாற்றுதல் முறை. ஸிர்கோனியாப் பகுதியில் ஓம் அளவை வைத்துச் சோதிக்கலாகாது; அது கெட்டுவிடும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுவதும், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் உயிருக்கே கேடு தரும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பழைய கார்களைச் சாலையினின்று அகற்றுவதே நோக்கமாயிருக்க, அவற்றைச் செப்பனிடுவதால் என்ன பயன் என்பர். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீஸல் வண்டிகளுக்கும் டில்லியில் விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிலைநிறுத்தியது. 2025 டிசம்பரில், பாரத் நிலை நான்கும் அதற்கு மேற்பட்டனவுமான வண்டிகள் மீது வயதை மட்டும் காரணங்காட்டி நடவடிக்கை எடுக்கலாகாது என்றது. வயது பற்றிய விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பழைய தரத்தில் கட்டப்பட்ட எஞ்சின், எவ்வளவு பேணினும், இன்றைய தரத்தை எட்டாது. மேலும், டில்லியின் பனிக்காலப் புகைமூட்டத்திற்குப் பெட்ரோல் கார் மட்டுமே காரணம் அன்று. எனினும், சட்டப்படி ஓட அனுமதி பெற்ற வண்டி பழுதுடன் ஓடுவதற்கு இவை சமாதானமாகா. பாரத் நிலை நான்கு காரின் புகையில், எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது, கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்தைத் தாண்டலாகாது. உஷ்ணக் கருவி பொய்யுரைக்கும் காரில் இவ்வரம்பு எளிதில் மீறப்படும். ஆகவே, மாசுச் சான்றிதழ் வழங்கும் இடங்களில் எச்சரிக்கை விளக்கின் நிலையையும் குறித்துக்கொள்ளுதல் எங்கும் வழக்கமாதல் நன்று.

ஆசிரியர்களுக்கு இதில் நல்லதொரு பாடம் உண்டு. மந்திர் மார்க்கில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உட்படப் பள்ளிகள் பல உள்ளன; அச்சாலையின் காற்றையே மாணவர்கள் சுவாசிக்கின்றனர். கழித்த உஷ்ண உணர்கருவி ஒன்றைப் பணிமனையில் கேட்டுப் பெற்று, வெந்நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி, உஷ்ணமானியோடும் மல்டிமீட்டரோடும் ஒப்பிட்டு வரைபடம் வரையச் செய்தால், ஒரே வகுப்பில் மின்தடையையும் அளவீட்டு நெறியையும் அவர்கள் கற்பர். கள ஊழியர்கள் தம் வாகனங்களில் இச்சோதனைகளைச் செய்து அளவுகளைக் குறித்து வைப்பார்களாயின், அடுத்த பழுது நேரும்போது ஒப்பிட ஓர் ஆதாரம் இருக்கும். கருவியை நம்புவதற்கும் ஒதுக்குவதற்கும் முன் அதனைச் சோதிப்பது, ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரிய ஒழுக்கம் அன்று. வீட்டு வாயிலில் நிற்கும் காருக்கும் உரியதே.