மேல்மாடிகளில் ஆள் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய பினாங்கு மாநகர் கழக மேயர் அவர்களுக்கு,



லெபோ கிங்கில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் தோழிகள் இருவரோடு வாடகைக்குக் குடியிருக்கிறேன். வயது 26. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை. எங்கள் கட்டடம் கைமாறுகிறது, தங்கும் விடுதியாகப் போகிறது, ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. முன்கூட்டியே சொன்னார், முன்பணத்தையும் திருப்பித் தருகிறார். எனக்கு வேறு அறை எங்காவது கிடைத்துவிடும். ஆனால் இந்தத் தெருவில் கிடைக்காது, பக்கத்துத் தெருக்களிலும் கிடைக்காது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

கடிதமாக எழுதக் காரணம் உண்டு. உங்களையோ உங்கள் மன்ற உறுப்பினர்களையோ தேர்ந்தெடுக்க எனக்கு வாக்கு கிடையாது. இந்த நகரத்தாருக்கு ஒரு காலத்தில் அது இருந்தது. 1951 டிசம்பரில் இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. உறுப்பினர் அத்தனை பேரும் தேர்தலில் வந்தவர்கள் என்ற நிலை மலாயாவிலேயே முதன்முதலாக 1956-இல் இங்கேதான் ஏற்பட்டது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ் டவுன் மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் டி. எஸ். இராமநாதன். தமிழர், தொழிலாளர் கட்சிக்காரர். பழைய ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அந்தக் காலத்து மன்றம் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது, 1961 வரை டிராலி பஸ் ஓட்டியது. 1965-இல், இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நாளில், உள்ளூராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டது. மீட்டெடுக்கப் பினாங்கு அரசு செய்த முயற்சியும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தோடு நின்றுவிட்டது. ஆக, என் வயதுக்காரர்கள் மேயரிடம் பேச வேண்டுமென்றால் இப்படி எழுதுவதுதான் வழி. தமிழிலேயே எழுதுகிறேன். தெருப் பெயர்ப்பலகையில் தமிழுக்கும் இடம் தந்த ஊர் இது.

எனக்கு இந்த ஊர் மேல் இருக்கும் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், குறை சொல்ல மட்டும் வந்தவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. காலைப் பணிமுறை என்றால் விடியுமுன் இறங்கிவிடுவேன். அந்த நேரத்திலேயே லெபோ பாசாரில் மல்லிகைக் கூடை இறங்கும். பூ கட்டும் அக்கா கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே முழம் முழமாகத் தொடுத்துத் தள்ளுவார். அவரிடம் முதலில் வாங்குவது பெரும்பாலும் எங்கள் எதிர்க்கடைச் சீனப் பெரியவர்தான், தன் கடை மாடத்துச் சாமிக்கு. அக்கா அவரிடம் ஹொக்கியெனில் விலை சொல்வார், அவர் தமிழில் குறைத்துக் கேட்பார். கொஞ்சம் தள்ளி லெபோ குவீனில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், இந்தப் பக்கம் நாகூர் தர்கா, அந்தப் பக்கம் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இரவுப் பணி முடிந்து வந்தால் பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நடக்கிற தூரத்தில். கோலாலம்பூரில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போன நண்பர்கள் எனக்கு உண்டு. நான் போகவில்லை. எனக்கு இங்கே வாழ வேண்டும்.

என் தாத்தா துறைமுகத்தில் தொங்கான் எனும் சரக்குப் படகில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவர் குடும்பமும் இதே தெருவில்தான், ஒரு மேல்மாடியைப் பலகை வைத்துத் தடுத்த ஒற்றை அறையில். வாடகை ஏறாமல் இருந்ததற்குக் காரணம் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு, 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. இந்த ஊரின் கடைவீடுகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். 1997-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அவகாசம் முடிந்து 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்குப் போனது. பாட்டியும் அப்பாவும் பாயா தெருபோங் அடுக்குமாடிக்குப் போனார்கள். எங்கள் மாடிப் படியில் ஏறி இறங்கிய மற்றவர்களும் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பிறை என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதிலும் அநியாயம் இருந்தது. பல ஆண்டுகளாக ஏறாத வாடகையை வாங்கிக்கொண்டு எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? எங்கள் வீட்டு உத்தரத்தில் கறையான் அரித்த இடத்தை ஒருமுறை கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு, பழைய ஓடு, மரச்சட்ட ஜன்னல் என்று மரபு விதிப்படி ஒரு கடைவீட்டைச் செப்பனிடப் பெரும் பணம் வேண்டும். போட்ட பணத்தை விடுதி சீக்கிரம் திருப்பித் தரும். எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் வாடகை தராது. உரிமையாளர் பக்கத்துக் கணக்கு எனக்கும் புரிகிறது.

ஆனால் நகரத்துக்கென்று ஒரு கணக்கு இருக்க வேண்டுமே. 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை. கட்டடங்களுக்காக மட்டும் கிடைத்த பட்டம் அல்ல அது. பல இனத்தார், பல சமயத்தார் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து கட்டிக்காத்த வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. அந்தப் பாரம்பரியப் பகுதிக்குள் 2009-இல் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள். நாலே ஆண்டில், 2013 கணக்கெடுப்பில், ஒன்பதரை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. பட்டம் வந்த பிறகு நடந்தது இது.

வெனிஸ் நகரத்தில், சான் பார்த்தலோமியோ சதுக்கத்து மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு மின் பலகை இருக்கிறது. பழைய நகரத்தில் இன்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணை அது காட்டும். அதை வைத்ததும் 2008-இல்தான். 1950-களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த இடம். 2022-இல் அந்த எண் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2024 முதல் கூட்டமான நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கட்டணம் போட்டுக் கூட்டத்தைக் குறைக்கலாம், போனவர்களை எப்படித் திரும்ப அழைத்து வருவது? நாம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை லெபோ பினாங்கில் நின்று பாருங்கள். 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து புறப்படும். சீனர் கடை வாசலிலும் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். ரதம் நெருங்கியதும் ஆளாளுக்கு எடுத்துச் சிதறடிக்க, தெருவெல்லாம் இளநீர் வாடை. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தத் தெருக்காரர்கள்? கோலம் போடுகிற பெண்கள் முந்தின நாள் இரவே பிறையிலிருந்து பாலம் கடந்து வருகிறார்கள். தண்ணீர்ப் பந்தல் போடுகிற பிள்ளைகள் பாயா தெருபோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனதும் அவர்களும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நகரத்தின் பெருமையைத் தூக்கிச் சுமக்கிறவர்கள் நகரத்துக்கு வெளியே குடியிருக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் மெனக்கெட்டு வருகிறார்கள், சரி. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்தத் தெருவோடு என்ன உறவு இருக்கும்?

கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையான அஞ்சடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் வெயில் படாமல், மழையில் நனையாமல் அஞ்சடியிலேயே போய்விடலாம் என்று பாட்டி சொல்வார். போன தீபாவளிக்கு அவரை அழைத்துக்கொண்டு நடந்தேன். முதல் இரண்டு கடை வரை வழி சுத்தம். மூன்றாவது கடைமுன் நாலு மோட்டார் சைக்கிள். அடுத்த கடையின் தரை ஒரு முழம் உயரம், ஏறப் படியில்லை. அதற்கடுத்து அட்டைப்பெட்டிகள் தூண் வரைக்கும். ஒவ்வொரு தடைக்கும் கைத்தடியை முதலில் சாலையில் ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சாக்கடை தாண்டி இறங்கி, பின்னால் வேன் வருகிறதா என்று பார்த்துப் போய் மறுபடி ஏறினார். பாதி வழியில், "போதும், ஆட்டோ பிடி" என்றார். இங்கே ஆட்டோ ஏது? தமிழ் சீரியல் பார்த்துப் பழகியவர். கிராப் வண்டி கூப்பிட்டு, நடந்தே போகிற தூரத்துக்குக் காசு கொடுத்துப் போனோம். அஞ்சடி பொதுவழி, அதை மறிக்கக் கூடாது என்பது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இருப்பதுதான். வியாபாரிகளை விரட்டச் சொல்லவில்லை. பூ கட்டும் அக்காவின் இடம் அஞ்சடிதான், அவர் அங்கேயே இருக்கட்டும். ஒரு முதியவர், ஒரு தள்ளுநாற்காலி, ஒரு குழந்தை வண்டி போக வழி விட்டால் போதும். உயரம் மாறுகிற இடங்களில் சிறு சரிவுத்தளம் கட்டித் தாருங்கள். முதியவர்கள் நடக்க முடியாத தெருவில் குடும்பங்கள் தங்காது.

வீட்டு விஷயத்தில் உங்கள் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஓரளவு படித்துப் பார்த்தேன். நிலம் மாநில அரசின் விவகாரம், வாடகைச் சட்டம் கூட்டரசின் விவகாரம். ஆனால் ஒரு கடைவீட்டின் பயன்பாட்டை மாற்றித் தங்கும் விடுதியாக்கத் திட்ட அனுமதி தருவதும், விடுதி நடத்த உரிமம் தருவதும் மாநகர் கழகம்தான். மதிப்பீட்டு வரி வசூலிப்பதும் நீங்கள்தான். பாரம்பரியப் பகுதிக்கென்று 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டமும் கையில் இருக்கிறது. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 2023-இல் விதிமுறை கொண்டுவந்தபோது, நகரம் யாருக்காக என்ற கேள்வியை மாநகர் கழகம் நேரடியாகவே எடுத்தது. அதை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் துணிவோடு இன்னும் கொஞ்ச தூரம் வர வேண்டும்.

மேல்மாடியை உள்ளூர்க் குடும்பத்துக்கோ வேலை பார்க்கும் இளையோருக்கோ ஐந்தாண்டு, பத்தாண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுகிற உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியைக் கணிசமாகக் குறையுங்கள். செப்பனிடும் செலவில் ஒரு பங்கை, அந்த ஒப்பந்தத்தை நிபந்தனையாக வைத்து, மானியமாகக் கொடுக்க மாநில அரசிடம் பேசுங்கள். கீழே கடை, மேலே குடித்தனம் என்று ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டை விடுதியாக மாற்ற யாராவது விண்ணப்பித்தால், குடியிருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அரசுக்கும் மாநகர் கழகத்துக்கும் சொந்தமான கட்டடங்களில் பூட்டிக் கிடக்கும் மேல்தளம் ஏதாவது இருந்தால், அதிலிருந்து தொடங்கலாம். நகர நடுவில், சிந்த்ரா தெருவில், சாதாரண மக்கள் குடியிருக்க அடுக்குமாடி கட்டிய ஊர் இது. நமக்குத் தெரியாத வேலை இல்லை.

எல்.ஆர்.டி. பாதை வேலை 2025-இல் தொடங்கிவிட்டது. பாயான் லெப்பாஸிலிருந்து நகர நடுவிலுள்ள கோம்தாருக்கு நெரிசலில்லாமல் வந்துவிடலாம் என்று தொழிற்சாலையில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். நல்ல காரியம். ரயில் ஓடத் தொடங்கும்போது கோம்தாரில் இறங்குகிறவர்களில் ஒரு பங்கினராவது வீடு திரும்புகிறவர்களாக இருக்க வேண்டும், எல்லோரும் சுற்றிப்பார்க்க வந்தவர்களாக இருக்கக் கூடாது. அதற்கு வீடுகள் இப்போதே வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஆண்டுதோறும் ஜூலை 7 விழா மேடையில், பாரம்பரியப் பகுதிக்குள் அந்த ஆண்டு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணை நீங்களே அறிவியுங்கள். எத்தனை பேர் முப்பது வயதுக்குக் கீழே, எத்தனை வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்து. எத்தனை சுற்றுப்பயணிகள் வந்தார்கள் என்ற கணக்கு எங்களுக்குத் தவறாமல் கிடைக்கிறது. இந்த எண்ணும் கிடைத்தால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து நாங்கள் உங்களிடம் கேட்க முடியும், நீங்களும் மாநில அரசிடம் கேட்க முடியும். எங்கள் தெருவில் கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்றால் நானும் தோழிகளும் தயார். டிசம்பர் வரை இங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
லெபோ கிங் மேல்மாடியில் குடியிருக்கும் ஒருத்தி,
ஜார்ஜ் டவுன், பினாங்கு