டிட்லிஸுக்கு ஒரு நாளைக் குறையுங்கோ

சுவிஸுக்கு விசா கிடைத்த ஆட்களின் பயணப் பட்டியல் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் இருக்கும். ரைன் நீர்வீழ்ச்சி, டிட்லிஸ் பனிமலை, லுட்சேர்ன் மரப்பாலம், நேரம் மிஞ்சினால் இன்டர்லாக்கன். மற்ற நாட்களெல்லாம் சொந்தக்காரர் வீடு வீடாகச் சாப்பாடு. வாழ்க்கையில் முதல் தரம் பனியை மிதிக்கிற சந்தோசத்தை நான் ஏன் கெடுப்பான்? அதுவும் வேணும். ஆனால் பேர்ணில் சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ நிற்கிறவர்கள் அந்தப் பட்டியலில் ஒரு நாளை வெட்டி, பீல் ஏரிக் கரைக்குக் கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பீல் ஏரியின் வடக்குக் கரை ஒரு வைன் பிரதேசம். சுவிஸில் வைனா என்று கேட்பீர்கள். சொக்லேட்டும் மணிக்கூடும் உலகம் முழுக்கப் போகுது, வைன் மட்டும் வெளியில வாறதே இல்லை. அந்த நாட்டில் ஏறத்தாழ 14,500 ஹெக்டேயரில் முந்திரிகை நிற்கிறது. அதில் வரும் வைனில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான் ஏற்றுமதி. மிச்சத்தை அவர்களே குடித்து முடித்து, காணாதென்று பிரான்ஸிலும் இத்தாலியிலும் இருந்து இறக்குகிறார்கள். பீல் ஏரியின் பங்கு இதில் வெறும் 220 ஹெக்டேயர் அளவுதான். ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் லாவோ 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டதால் சுற்றுலாக் கூட்டம் அங்கே போய்விடுகிறது. இங்கே அந்த நெரிசல் இல்லை.

இந்தக் கரை ஜூரா மலைத்தொடரின் அடிவாரம். டைனோசர் படத்தால் நமக்குத் தெரிந்த 'ஜுராசிக்' என்ற சொல்லே இந்த மலையின் பெயரில் இருந்து வந்ததுதான். மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எங்கள் முந்திரிகையும் அதே மாதிரிக் கல்லுக்கு மேலேதான் நிற்கிறது. வித்தியாசம் வளர்க்கிற விதத்தில். நாங்கள் பந்தல் போட்டு மேலே படர விடுகிறோம், கொப்பு வெட்டி வருசத்தில் இரண்டு தரம் காய்க்க வைக்கிறோம். அங்கே கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டி நிற்கிறது, ஒரே ஒரு போகம். சரிவு தெற்கைப் பார்ப்பதால் நாள் முழுக்க வெயில். கீழே ஏரி சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிறது. செங்குத்தான இடங்களில் கல்லடுக்கி மதில் கட்டி, படி படியாக நிலம் எடுத்திருக்கிறார்கள். பெரிய இயந்திரம் இறங்காத துண்டுகளில் இன்னும் கைவேலைதான்.

போவது சுகம். பேர்ணில் இருந்து பீலுக்கு ரயிலில் அரை மணித்தியாலம். அங்கே மாறினால் ட்வான் என்ற கிராமம் பத்து நிமிசம். ட்வானில் இறங்கி, மேலே தோட்டங்களுக்கு நடுவால் போகிற பாதையில் அடுத்த கிராமமான லீகெர்ஸுக்கு நடவுங்கள். ஆறுதலாக நடந்தாலும் ஒரு மணித்தியாலம். முந்திரிகைக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம் தனியாக நிற்கும். அதில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை, அந்தப் பக்கத்து ஜோடிகளுக்கு அவ்வளவு பிடித்த இடம். லீகெர்ஸில் வைன் தொழிலுக்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது; திறக்கிற நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1912இல் இருந்து ஓடுகிற கம்பி இழுவை ரயில் ஒன்றும் இருக்கிறது. அதில் மேலே ஏறினால் ஏரி முழுக்கக் காலடியில்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த துண்டு. லீகெர்ஸில் இருந்து லா நெவ்வில் வரைக்கும் இன்னொரு மணித்தியால நடை. லீகெர்ஸில் "குரூஸெக்" என்று வணக்கம் சொன்னவர்கள் போய், லா நெவ்வில்லில் "போன்ஜூர்" வந்துவிடும். நடுவில் வேலியும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை, அறிவிப்புப் பலகைகளின் மொழி மட்டும் மாறுகிறது. ஒரே பழத்துக்கு இந்தப் பக்கம் குட்எடெல், அந்தப் பக்கம் சாஸ்லா. மொழி எல்லை என்றால் இராணுவ முகாம் ஞாபகம் வருகிற நாட்டில் இருந்து போகிறவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இனி, எல்லாரும் மனதுக்குள் கேட்கிற கேள்விக்கு வருவோம். "வைன் ஊருக்குப் போறன்" என்று ஒரு பெட்டை சொன்னால், ரயில் பீலுக்குப் போக முதல் செய்தி வல்வெட்டித்துறைக்குப் போயிடும். இதைப் பகிடியாக மட்டும் விட எனக்கு விருப்பமில்லை. குடியால் உடைந்த வீடுகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் அம்மாமாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் போத்தலோடு நிற்காமல், பயிரையும் அதைச் செய்கிறவனையும் சேர்த்து மூடிவிடுகிறது. பனையையும் சீவல் தொழிலாளியையும் இப்படித்தான் பார்த்தோம். கள்ளைக் குடித்தவனுக்கு மதிப்பு இருந்தது, இறக்கினவனுக்கு இருக்கவில்லை. ஆகவே குடிக்காதவர்களும் போங்கள் என்றுதான் சொல்கிறேன். அது ஒரு தோட்டம். முந்திரிகைச் சாறு கேட்டால் தருவார்கள்.

குடிக்கிறவர்களுக்கு: ருசி பார்ப்பது என்றால் ஒரு மிடறு, இரண்டு மிடறு. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். கார் வேண்டாம், ரயில். சிறிய குடும்பத் தோட்டங்களுக்கு முதலே தொலைபேசி எடுத்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் ஏற்றி நான்கு நிலவறை காட்டி இறக்குகிற சுற்றுலாக்களுக்குக் காசு கொட்டாதீர்கள்; அந்தக் காசுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

உண்மையில் நான் இதை எழுதுவதே அந்த மாமாவுக்காகத்தான். எண்பதுகளில் அகதியாகப் போன எத்தனையோ பேர் ரெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கியவர்கள். இந்த ஏரிக்கரை வைன் ஊற்றின கிளாஸ்களை முப்பது வருசமாகக் கழுவியிருப்பார்கள், அது விளைகிற சரிவை ஒரு நாளும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். வேலை, கோயில், தமிழ்க்கடை, ஞாயிற்றுக்கிழமை நித்திரை. ஊரில் இருந்து ஆட்கள் வந்தால்தான் டிட்லிஸ்.

என் பெரியப்பா முதலில் "அங்க என்ன கிடக்கு, தோட்டம்தானே" என்றுதான் சொன்னார். கோப்பாயில் முந்திரிகை வைத்திருந்த மனுசன். ட்வானுக்கு மேலே ஒரு வரிசைக்குள் போய், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிச்சிருக்கிறாங்கள்" என்றார். போர்டோ கலவை. பிரான்ஸின் வைன் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்டது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு ஊர் மருந்து மாதிரிப் பழகினது. அங்கே நின்ற தோட்டக்காரரோடு அவர் பேர்ண் ஜெர்மனில் அரை மணித்தியாலம் கதைத்தார். பூஞ்சணம், மழை, குருவி, விலை. அந்த மொழியை அவர் முதலாளியோடும் கந்தோரிலும் கதைத்துத்தான் நான் கேட்டிருந்தேன். அன்றைக்கு அவர் கேள்வி கேட்கிற ஆளாக நின்றார்.

பழம் பறிக்கிற காலம் செப்டெம்பர், ஒக்டோபர். நடக்கவும் அதுதான் நல்ல நேரம். குளிர்காலத்தில் போனால் முந்திரிகைச் சக்கை வடிக்கிற ஆவியில் அவித்த சொசேஜ் கிடைக்கும். பன்றி இறைச்சி, சாப்பிடாதவர்கள் கவனம். மற்றப்படி சாப்பாட்டு விலை உங்களுக்குத் தெரியும்தானே, வீட்டில் இருந்து இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கோ. தேவாலயத்துக்குப் பக்கத்து மதிலில் இருந்து சாப்பிடலாம், முன்னுக்கு ஏரி.